அடுக்கு-2 பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்ன கருத்து

ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருந்தே தீர வேண்டும் என்று எந்தத் தொழிற்சாலைச் சட்டமும் சொல்வதாக எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஒரகடத்தில் லாரிகளுக்கு பிரேக் டிரம் செய்கிற எங்கள் கம்பெனியில் அதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. 'ஊழியர் மகிழ்ச்சிப் பிரிவு' என்று கதவில் எழுதியிருக்கும். ஊழியர்களின் அடையாள அட்டையைக் காட்டினால் அந்தக் கதவு திறக்காது.

நான் அங்கே ஸ்டோரில் குமாஸ்தா. பெயர் குமாரவேல். எந்தச் சரக்கு எங்கே அடுக்கியிருக்கிறது என்று கேட்டால் சொல்வது என் வேலை. நான் சொன்ன இடத்தில் சரக்கு நிஜமாகவே இருப்பதற்குக் காரணம் கார்முகில். பென்னலூர்க்காரன், ஒன்பது வருடமாகச் சரக்கைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். மற்றவர்கள் ஆயுத பூஜைக்கு மட்டும் வண்டிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார்கள், இவன் அமாவாசைக்கு அமாவாசை வைப்பான். ஒரு டன் டிரம் ஏற்றிய பேலட் பலகையை அவன் இறக்கி வைத்தால் சத்தமே வராது. நான் பலமுறை திரும்பிப் பார்த்துத்தான் வைத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சிக்கென்று 'அடுக்கு' என்ற செல்போன் விளையாட்டைக் கம்பெனி எங்களுக்குக் கொடுத்தது. மேலிருந்து பெட்டிகள் வரும். சிலது கனம், சிலது லேசு. சாயாமல் அடுக்க வேண்டும், சாய்ந்தால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவுதான். யாரோ ஒரு கல்லூரிப் பெண் பரீட்சைக்காகச் செய்ததாம். எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மண்ணூரில் கிளம்புகிற கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் வரும்வரை ஒரு தலை நிமிராது. இறங்க மறந்து பஸ்ஸோடு திரும்பிப் போனவர்கள் கூட உண்டு.

ஒரு காரியம் நன்றாக நடந்தால் அதை அப்படியே விட்டுவைப்பதற்கு நிர்வாகம் எதற்கு? ஆகவே அடுக்கு-2 வந்தது.

வெளியீட்டு விழா கேண்டீனில் நடந்தது. நிஜக் குத்துவிளக்கு ஏற்றினால் ஃபயர் அலாரம் அடித்துவிடும் என்பதால், டேப்லட்டில் இருந்த குத்துவிளக்குப் படத்தை விரலால் தொட்டு ஏற்றினார்கள். மகிழ்ச்சிப் பிரிவு மேலாளர் மதிவதனி மேடம் பேசினார். நல்ல பெண், சிரித்த முகம். இனிமேல் நாம் பெட்டி அடுக்கப் போவதில்லை, பெட்டி அடுக்குகிற அனுபவத்தை அடையப் போகிறோம் என்றார். நாங்கள் கை தட்டினோம். மைசூர்பாகு கொடுத்தார்கள்.

அடுக்கு-2ல் பெட்டிகளுக்குக் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு லெவல் முடிந்ததும் ஹெல்மெட் போட்ட யானை ஒன்று வந்து நாற்பது வினாடி ஆடும். அதை நிறுத்த முடியாது. இதெல்லாம் போகட்டும், எடைதான் உதைத்தது. கனமான பெட்டியைக் கீழே வைத்து லேசானதை மேலே வைத்தால் மொத்தமும் சரிந்தது. கனமானதை மேலே ஏற்றினால் கல்லாக நின்றது. இது எப்படி என்று விளையாட்டைச் செய்து கொடுத்தவர்களிடம் கேட்டதற்கு, முதல் பாகத்தில் இருந்தது பழைய பாணி எடை, இன்றைய விளையாட்டு ரசிகர்கள் புதுமையை எதிர்பார்க்கிறார்கள் என்று பதில் வந்ததாம்.

பஸ்ஸில் எல்லோரும் கழுவி ஊற்றினார்கள். ஒருவர் யானையை மட்டுமாவது சுட்டுவிடச் சொன்னார். ஒருவர் முதல் பாகத்தை அழிக்காமல் வைத்திருப்பதாக ரகசியமாகச் சொல்ல, அவரைச் சுற்றி ஆறு பேர் கூடிவிட்டார்கள். பேக்கிங்கில் வேலை செய்கிற பேச்சிராஜ், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன், அவன் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

"ரொம்ப லேசுண்ணே. நம்ம புத்தி என்ன சொல்லுதோ அதுக்கு நேர் எதிரா செய்யணும். நான் ரெண்டு நாள்ல நாப்பது லெவலும் முடிச்சிட்டேன்லா" என்றான்.

பிறகு கருத்துக் கேட்கும் நாள் வந்தது. ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று தொட வேண்டும். ஐந்தைத் தொட்டால் யானை ஆடிவிட்டு நன்றி சொல்லும். நாலோ அதற்குக் குறைவோ தொட்டால் இருநூறு எழுத்துக்குக் குறையாமல் காரணம் எழுத வேண்டும், அதோடு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடக்கும் கருத்துத் தெளிவு முகாமுக்கு வர வேண்டும்.

எனக்கு அந்த ஞாயிறு மச்சினி பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. ஐந்தைத் தொட்டேன். பஸ்ஸில் வாய் கிழியப் பேசிய அத்தனை பேருக்கும் அன்றைக்கு ஏதோ ஒன்று இருந்தது. ஒன்றும் இல்லாதவர்களுக்குத் தூக்கமாவது இருந்தது. நானூற்றுப் பதினோரு பேர் ஐந்து நட்சத்திரம். ஒருத்தன் ஒன்று. அந்த ஒருத்தன் கார்முகில். காரணம் எழுதுகிற இடத்தில் 'கனம் கீழ இருக்கணும் மேடம்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

அவனுக்கு வேறு வழியில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் கழுத்தில் ஒரு கார்டு போட்டிருப்பார்கள். அது இருந்தால்தான் வண்டியில் ஏறலாம். அடுக்கு-2ல் நாலாவது லெவலைத் தாண்டினால்தான் கார்டைப் புதுப்பிப்பார்கள் என்று புது விதி. அவன் கார்டு மாதக் கடைசியோடு முடிகிறது. பதினோரு தடவை முயன்றும் முடியவில்லை. புத்தி எதிர்ப்பக்கம் வைக்கச் சொன்னாலும் விரல் கனத்தைக் கீழேதான் கொண்டுபோகிறது, ஒன்பது வருடப் பழக்கம். கார்டு போனால் பேக்கிங்கில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும். ஊரில் அவனை எல்லோரும் கூப்பிடுவதே வண்டிக்காரர் என்றுதான்.

முகாமுக்கு அவன் ஒருவன்தான் வந்திருந்தான். ஸ்டோர் சார்பில் சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லிவிட்டார்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தும் மஞ்சள் நீராட்டு போயிற்று. அறையில் மதிவதனி மேடமும் பாதுகாப்பு அதிகாரி சாம்சன் சாரும் இருந்தார்கள்.

"கார்முகில், நானூத்திப் பதினோரு பேருக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு மட்டும் பிடிக்கல. வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று மேடம் நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"வூட்ல ஒன்னும் இல்ல மேடம். கனம் கீழ இருக்கணும். இதுல மேல கீது. அவ்ளோதான்."

"அது உங்க கருத்து" என்றார் சாம்சன் சார்.

"கருத்து இல்ல சார். கனம்."

சொல்லிவிட்டு மேஜையில் இருந்த காகித டீ கப்பைக் கவிழ்த்து, நிறையத் தண்ணீர் இருந்த தன் பாட்டிலை அதன் மேல் வைத்தான். கப் நசுங்கியது. பாட்டில் உருண்டு, மூடி கழன்று, அந்த ஆண்டின் மகிழ்ச்சி அறிக்கை முழுக்க நனைந்தது. சாம்சன் சார் நனைந்த அறிக்கையைத் தூக்கி உதறினார்.

"காகிதக் கப் அடுக்கு-2ல அங்கீகரிக்கப்பட்ட பொருள் இல்ல" என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பி, நீங்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஐந்து என்றேன். கார்முகில் என்னைப் பார்த்தான். நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடுவதில் மும்முரமாக இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

மாதம் முடிந்தது. அவன் கார்டு காலாவதியானது. அட்டைப்பெட்டி மடிக்கப் போனான்.

அடுத்த வாரம் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். எங்கள் பகுதியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தால்கூட உட்கார்ந்துகொண்டே வணக்கம் சொல்வோம், தணிக்கைக்காரர் வந்தால் சுவருக்கு பெயிண்ட் அடிப்போம். அவர் விளையாட்டைப் பார்த்தார், ஸ்டோரைப் பார்த்தார், குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். பயிற்சியில் சொல்லிக் கொடுப்பது ஒன்று, தளத்தில் செய்வது வேறொன்று, இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

கேட்கிறவர்களுக்கு, விளையாட்டைத் திருத்தினால் போயிற்று என்று தோன்றும். நிர்வாகத்துக்கும் தோன்றாமல் இல்லை, அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் விளையாட்டுக்கு நானூற்றுப் பதினோரு பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டோருக்கு இதுவரை யாரும் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுத்ததில்லை. இரண்டில் எதை மாற்றுவது என்பதில் குழப்பத்துக்கே இடமில்லாமல் போயிற்று. மறுநாள் சுற்றறிக்கை வந்தது.

'ஊழியர்களின் பேராதரவைப் பெற்ற அடுக்கு-2 முறையைத் தளத்தில் முழுமையாக நடைமுறைப்படுத்தும் பொருட்டு, இனி பிரேக் டிரம் பேலட்டுகள் மேல் அடுக்கிலும், தெர்மாகோல் மற்றும் காலி அட்டைப்பெட்டிப் பேலட்டுகள் கீழ் அடுக்கிலும் வைக்கப்பட வேண்டும் என்று இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது.'

கார்டு உள்ள ஓட்டுநர்கள் இரண்டு பேர் அன்றைக்கே காய்ச்சல் என்று லீவு போட்டார்கள். நாலாவது லெவலைத் தாண்டியவர் யார் என்று கம்ப்யூட்டரில் தேடியதில் பேச்சிராஜ் முதலில் வந்தான். நாற்பதும் முடித்தவன். அவன் கழுத்தில் கார்டை மாட்டி, வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பூசணிக்காய் உடைத்து வேலை தொடங்கியது.

"அண்ணே, ரிவர்ஸ் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றான் பேச்சிராஜ், கார்முகிலிடம். கார்முகில் மடித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சொல்லிக் கொடுத்தான். அவனால் வண்டியின் கியர் கதறுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

மூன்று நாளில் எல்லாம் தலைகீழாயிற்று. நாலாவது நாள் கேண்டீனில் பூரி மசால். ஸ்டோரில் ஈ காக்கை இல்லை. அப்போதுதான் தெர்மாகோல் தன் கருத்தைத் தெரிவித்தது. ஒரு வரிசை மெதுவாகச் சாய்ந்து பக்கத்து வரிசையைத் தொட, அது அதற்கடுத்ததைத் தொட, பதினாறு வரிசையும் படுத்துவிட்டன. பிரேக் டிரம்கள் உருண்டு வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, ஒன்று எதிர் கம்பெனி கேட்டில் போய் நின்றது. அவர்கள் அதற்கு ரசீது போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பூரிக்கு நன்றி.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. விளையாட்டு சரி, நானூற்றுப் பதினோரு பேர் சொல்லியிருக்கிறார்கள். சுற்றறிக்கை சரி, தணிக்கைக்காரர் சொன்னபடிதான் போட்டது. ஓட்டியவன் சரி, நாற்பது லெவல். எல்லாம் சரியாக இருந்தும் சரக்கு விழுந்திருக்கிறது என்றால் இது விழும் என்று யாருக்காவது முன்பே தெரிந்திருந்ததா என்று தேடினார்கள். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பெயர் வந்தது. கார்முகிலுக்கு மெமோ கொடுத்தார்கள். 'விபத்து நிகழும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தும், அதை இருநூறு எழுத்துகளில் தெரிவிக்க வேண்டிய இடத்தில் பதினான்கு எழுத்துகளில் மட்டும் தெரிவித்தமைக்காக' அவனை ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று கேட்டிருந்தது.

எங்களுக்கு ரத்தம் கொதித்தது. பஸ்ஸே திரண்டு மகிழ்ச்சிப் பிரிவுக்குப் போனோம். யாரோ உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டார்கள். இரண்டாம் பாகம் குப்பை என்று அன்றைக்கே எங்களுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் ஐந்து போட்டோம், அவனை விட்டுவிடுங்கள் என்று சொன்னோம். மதிவதனி மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன் என்று டேப்லட்டை எடுத்து நீட்டினார். தாராளமாகக் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், முதலில் கொடுத்தது பொய்யான தகவல் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் போதும், அதற்குத் தனியாக ஒரு மெமோ வரும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

டேப்லட் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எல்லோரும் அதைக் கவனமாகப் படித்தார்கள். படித்துவிட்டு, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி பக்கத்து ஆளிடம் கொடுத்தார்கள். என் கைக்கும் வந்தது. நானும் கொடுத்தேன். கடைசியாக அது கார்முகிலிடம் வந்து நின்றது.

"இன்னொரு வழி இருக்கு" என்றார் மேடம் மெல்ல. "நீங்களும் அஞ்சு போட்டுட்டீங்கன்னா, இது யாருக்குமே முன்கூட்டித் தெரியலன்னு ஆயிடும். யார் மேலயும் தப்பு இல்ல. அஞ்சு போட்டவங்க நாலாவது லெவலப் புரிஞ்சுக்கிட்டவங்களாக் கருதலாம்னு விதியும் இருக்கு. கார்டு நாளைக்கே வந்துடும்."

கார்முகில் எங்களை ஒரு தடவை பார்த்தான். நாங்கள் எல்லோரும் சரி சரி என்று தலையாட்டினோம், போடுடா என்று ஆசையோடு ஆட்டினோம். அவன் கட்டை விரலால் ஐந்தாவது நட்சத்திரத்தைத் தொட்டான். யானை நாற்பது வினாடி ஆடியது.

நானூற்றுப் பன்னிரண்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. நூறு சதவீதம். எங்கள் கிளைக்குக் கேடயம் வந்தது, கார்முகிலுக்குக் கார்டு வந்தது. நூறு சதவீத ஆதரவு பெற்ற முறையை ஒரு சிறு தடங்கலுக்காகக் கைவிட முடியாது, எனவே சரக்கை மீண்டும் அதே மாதிரி அடுக்கவும் என்று சுற்றறிக்கையும் வந்தது.

இன்று காலை அவன் வண்டியில் ஒரு டன் டிரம்மைத் தூக்கிக்கொண்டு என் மேஜை எதிரே வந்து நின்றான்.

"இன்னாணா, மேலயா கீழயா?"

நான் சுற்றறிக்கையை ஒரு தடவை பார்த்தேன், அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தேன். "மேலதாம்பா" என்றேன். அவன் சத்தமே வராமல் தெர்மாகோல் மேல் அதை இறக்கி வைத்தான்.

நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே, டிரம் உருண்டு வராத ஓரமாகப் போனேன். அங்கே ஏற்கெனவே ஆறு நாற்காலி கிடந்தன. சாம்சன் சார் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.