பார்த்துச் செய்யச் சொன்னது

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சானுக்கு,

நானும் உங்கள் அக்காவும் சுகம். உங்கள் சுகத்தை, இதைப் படித்து முடித்தபின் விசாரித்துக்கொள்கிறேன்.

என் மகள் நேற்று நேர்முகத் தேர்வுக்குப் போகவில்லை. காலை பத்து மணிக்குப் பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்க வேண்டியவள், அதே பத்து மணிக்கு என் குழாய்க் கடையில் நின்று, "அண்ணே, நீங்க அளந்தது குழாயையா, உங்க நினைப்பையா?" என்று ஒரு பிளம்பரை மடக்கிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே முக்கால் இஞ்ச் எல்போ இரண்டு டஜன் வாங்கிப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு வழிகாட்ட உங்களுக்கு ஓர் அறையும் சுழல் நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறைக்கு வந்து நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "நம்ம பொண்ணு விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க." என் கடையில் ஒருத்தர் பார்த்துப் போடுங்கன்னா விலையைக் குறைன்னு அர்த்தம், குழாயை உற்றுப் பாருன்னு இல்லை. அந்தக் கம்பெனி மேனேஜர் உங்க கூடப் படிச்சவர், அவர் காதில் ஒரு வார்த்தை போடுங்கன்னுதானே நான் சொன்னேன்? நீங்க என்னடான்னா நிஜமாவே பார்த்திருக்கீங்க. தொண்ணூறு கேள்வி கொடுத்து, எந்த வேலை செய்யும்போது பசி மறக்கும்னு கேட்டு, அவளும் 'சப்ளையரிடம் சண்டை போடும்போது'ன்னு எழுதி, அதுக்கு நீங்க பக்கத்தில் நட்சத்திரம் வேற போட்டிருக்கீங்க. அதோட விட்டீங்களா? வேலையை முடிவு பண்றதுக்கு முன்னாடி அதைச் செய்றவங்க பக்கத்தில் பத்து நாள் உட்காருன்னு அனுப்பியிருக்கீங்க. முதல் பத்து நாள் அந்தக் கம்பெனிக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்துட்டு வந்து, "அங்க கணக்குப் பார்க்கிற சார் பத்து நாள்ல நாலு தடவை வாயைத் திறந்தார்ப்பா. அதுல மூணு கொட்டாவி"ங்கிறா. அடுத்த பத்து நாள் என் கடை. லீவுக்கு ஒத்தாசையா வர்றான்னு நினைச்ச மடையன் நான்.

உங்க அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்னிக்கு உங்க அப்பா, "மாப்பிள்ளைக்கு மாசச் சம்பளம் கிடையாதா?"ன்னு கேட்டார். கேட்டுட்டு, சாப்பிட்டீங்களான்னுகூடக் கேட்கலை. இருபத்தேழு வருஷம் ஆச்சு, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கு. என் பிள்ளையை அப்படி யாரும் கேட்கக்கூடாதுன்னுதான் முழங்கால் தேயக் கடையில் நின்னேன். இந்தக் கடையிலிருந்து அவளைத் துரத்தத்தான் இந்தக் கடையையே நடத்தினேன், மச்சான். கேட்டதும் உங்க குடும்பம், இப்போ அவளை இங்கே திருப்பி அனுப்பினதும் உங்க குடும்பம். போனில் கேட்டா, "பார்த்துத்தான் செஞ்சேன் மச்சான்"னு பதில். படிச்சவர்கிட்ட நான் என்ன பேச?

வெள்ளிக்கிழமைக்குள் மேனேஜரைப் பிடித்து இன்னொரு தேதி வாங்கித் தர வேண்டியது உங்கள் பொறுப்பு. வாங்கவில்லையென்றால் என் வீட்டு வாசலை மறந்துவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம். உங்கள் பிள்ளைகள் நன்றாக வரட்டும்; முக்கியமாக, அவர்களுக்கு வேறு யாராவது வழிகாட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மகள் வாங்கிப் படித்து, இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். "துரத்தினா போறதுக்கு நான் என்ன வாடிக்கையாளரா?" என்றாள். பிறகு உட்கார்ந்து பேரம் பேசினோம். எந்தச் சப்ளையரும் என்னை இப்படி உரித்ததில்லை. மேனேஜரிடம் நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். முடிவான பேச்சு: முதல் வருஷம் அவளுக்கு மாதச் சம்பளம் இருபதாயிரம், ஞாயிறு விடுமுறை, கொள்முதல் முழுக்க அவள் கையில், அவள் பேசும்போது நான் குறுக்கே வரக்கூடாது, இரண்டாம் வருஷத்திலிருந்து லாபத்தில் அறுபது பங்கு அவளுக்கு, நாற்பது எனக்கு.