வழிகாட்டப்படாத மெக்கானிக்

“அஞ்சு வருஷம் கழிச்சு உன்னை நீ எங்கேம்மா பார்க்கிறே?”

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு கேட்ட ஆகச் சிறந்த கேள்வி இதுவே என்பது, அந்தத் தொழிற்கல்லூரியின் ‘எதிர்கால வழிகாட்டு மைய’த்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. கேட்டவர் வழிகாட்டு அலுவலர். கேட்கப்பட்டவள் குளிர்சாதனப் பிரிவில் படிப்பை முடித்தவள். எந்நேரமும் கருவிப்பையோடு திரிவதால் தோழிகள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஸ்பேனர்’.

“திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு, ஏசி ரிப்பேர் கடையில சார்” என்றாள். “வேலை கிடைச்சிருக்கு. உங்க சிபாரிசுக் கடிதம் மட்டும்தான் பாக்கி.”

அலுவலர் படிவத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார்.

“திங்கட்கிழமைக்கு இதுல கட்டமே இல்லையேம்மா. அஞ்சு வருஷத்துக்குத்தான் இருக்கு.”

தவிரவும், மூன்று அமர்வுகளை முடித்தவர்களுக்கே கடிதம். ஸ்பேனர் இரண்டுதான் முடித்திருந்தாள். முதல் அமர்வில் கண்ணை மூடி வெற்றியை நினைக்கச் சொன்னார்கள்; தூங்கிவிட்டாள். இரண்டாவதில் தன்னை ஒரு விலங்காக வரையச் சொன்னார்கள். கழுதை வரைந்தாள். ‘தலைமைப் பண்பு மிளிர்கிறது’ என்று சான்றளித்தார்கள். மூன்றாவதான ‘முதல் நாள் வேலைக்குச் செல்வது எப்படி?’ அடுத்த மாதம்தான்.

“அதுவரைக்கும் கடைக்காரர் பொறுக்க மாட்டார் சார். அப்பாவுக்கு முதுகு போனதுலேர்ந்து வீட்ல அம்மா ஒருத்திதான் ஓடிக்கிட்டிருக்கா.”

“அவசரப்படுறவங்கதான் வழி தவறிப் போறாங்க. வெளியே பெஞ்சுல பாரு, என்ன பொறுமை!”

உண்மைதான். போன வருடம் படிப்பு முடித்த எட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். மூன்று அமர்வுகளையும் முடித்து, கடிதமும் வாங்கி, ‘வேலைக்காகக் காத்திருப்பது எப்படி?’ என்னும் நான்காம் அமர்வுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவனுக்குத் தாடி அந்த பெஞ்சிலேயே முளைத்தது.

அலுவலர் கோப்பால் விசிறிக்கொண்டார். மூன்று வாரமாக அறையின் ஏசியில் குளிர் வரவில்லை. ஸ்பேனர் காதைத் தீட்டினாள்.

“வெளியே உறுமிட்டு உறுமிட்டு நின்னுடுது பாருங்க. கெப்பாசிட்டர் போயிருக்கு சார். பத்து நிமிஷ வேலை. நானே...”

“தொடாதே! மூணாவது அமர்வு முடிக்காத கை அது!”

சொல்லிவிட்டு, ரிப்பேர் கடைக்குப் போன் போட்டார். கைக்கு விசிறல் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தார்.

“என்னய்யா, மூணு வாரமாச்சு. மெக்கானிக் எங்கே?”

“ஆள் இல்லை சார்” என்றார் கடைக்காரர். “புதுசா ஒரு பொண்ணு சேருது. ஏதோ காலேஜ்ல கடிதம் தராம இழுத்தடிக்கிறாங்களாம்.”

“அடப் பாவிகளா! எந்தக் காலேஜ்? சொல்லுங்க, இன்னைக்கே கண்டனம் எழுதறேன்!”

“நம்ம காலேஜ்தான் சார்” என்றாள் ஸ்பேனர். “அந்தப் பொண்ணு நான்தான்.”

“அட, நீ அங்கேயா இருக்கே?” போன் குதூகலித்தது. “கடிதமும் வேணாம், கத்தரிக்காயும் வேணாம். இப்பவே வேலையில சேர்ந்தாச்சுன்னு வெச்சுக்கோ. அந்த ஏசியைச் சரி பண்ணிட்டு வா!”

அலுவலர் எழுந்து நின்றார். மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி ஊசலாடியது. கொள்கை ஊசலாடவில்லை.

“வழிகாட்டப்படாத மெக்கானிக்கை இந்த மையம் அனுமதிக்காது. வேற ஆளை அனுப்புங்க.”

“வேற ஆளுக்கு இன்னும் மூணு வாரம் ஆகுமே!”

“காத்திருப்போம்.”

மூலையிலிருந்த எழுத்தர் அம்மா பதிவேட்டைத் திறந்தார். “இவளை எந்தப் பத்தியில எழுதட்டும் சார்?”

“‘வழி தவறியவர்கள்’.”

“அது நிரம்பி வழியுது சார். வேலைக்குப் போனவங்க எல்லாரும் அதுலதானே இருக்காங்க.”

“‘வழிகாட்டப்பட்டவர்கள்’ எத்தனை?”

“எட்டு சார்” என்று எழுத்தர் அம்மா வாசல் பக்கம் பேனாவை நீட்டினார். “எல்லாரும் பெஞ்சுல இருக்காங்க.”

ஸ்பேனர் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலைத் தாண்டினாள். பெஞ்சிலிருந்த எட்டுப் பேரும் கால்களை மடக்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.