‘இன்னும் ஒரு வாய்’ சொல்லக் கூடாத வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், அத்தான், உன் மகள் சுண்டெலி ஆகிய மூவரும் உயிரோடு இருக்கிறோம். ‘நலம்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் நலத்தையும் உன் நர்சிங் பரீட்சையின் நலத்தையும் அறிய ஆவல். பரீட்சை முடியும் வரை ஹாஸ்டலில் உன் போனை வாங்கி வைத்துவிட்டதால் கடிதம் எழுத நேர்ந்தது. இதை உட்கார்ந்து படிக்கவும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் நல்லது.

விஷயம் இதுதான். நேற்று அந்தச் சாப்பாட்டு ஆராய்ச்சிக்காகச் சுண்டெலியை எடை பார்த்தார்கள். கால் கிலோ குறைந்திருக்கிறது. அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட கால் கிலோ எங்க இருந்து போச்சுன்னு நேத்துல இருந்து கை, கால், கன்னம்னு தடவித் தடவித் தேடிக்கிட்டு இருக்கேன், அவ கூசுதுன்னு சிரிக்கறா. கையெழுத்துப் போட்டது நீங்கறதால ஆராய்ச்சி மேடம் உனக்குத்தான் தபால்ல தகவல் அனுப்புவாங்களாம். அதைப் படிச்ச அடுத்த நிமிஷம் நீ பெட்டியைக் கட்டிடுவ, எனக்குத் தெரியும். அக்கா, வராத. கடைசி வருஷம். நீயும் விட்டுட்டு வந்தா நம்ம வீட்ல படிப்பைப் பாதியில விட்டவங்க ரெண்டு பேர் ஆயிடுவோம். ஒருத்தன் போதும், அந்த வேலையை நான் நல்லாவே பார்த்துக்கிட்டு இருக்கேன். அத்தான் என்னை இப்பல்லாம் ‘பாதி’ன்னுதான் கூப்பிடறார். “டேய் பாதி, அந்த ஸ்பேனரை எடு.”

எல்லாத்துக்கும் காரணம் அந்த ஆராய்ச்சிதான். பிள்ளைங்க எப்படிச் சாப்பிட்டா சரியான எடையில வளருவாங்கன்னு கண்டுபிடிக்கறாங்க, நல்ல விஷயம்னு சொல்லி நீ கையெழுத்துப் போட்டுட்டு பஸ் ஏறிட்ட. ஏறுறதுக்கு முன்னாடி அவ காதுல என்னமோ சொன்ன, அவளும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினா. மறுநாள் மேடம் முதல் எடை பார்த்தாங்க. நீ தைச்சுக் குடுத்த பச்சைக் கவுன், அதான் ரெண்டு பக்கமும் பை வச்சது, அதைக் கழட்ட வந்ததுக்கு ஒரு கத்து கத்தினா பாரு, மேடம் பயந்துபோய் “சரி, இருக்கட்டும்”னு கவுனோடயே மெஷின்ல ஏத்திட்டாங்க. அப்புறம் எங்களை உட்கார வச்சுச் சட்டம் சொன்னாங்க.

“என்ன வைக்கணும், எப்ப வைக்கணும், அது உங்க வேலை. எவ்வளவு சாப்பிடணும்ங்கறது அவ வேலை. நீங்க கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது, பாராட்டக் கூடாது, போன் காட்டக் கூடாது, ஊட்டவும் கூடாது.”

“இன்னும் ஒரு வாய்னு மட்டும் சொல்லலாமா மேடம்?”னு அத்தான் கேட்டார்.

“அதைத்தான் சொல்லவே கூடாது.”

அத்தான் முகத்தை நீ பார்த்திருக்கணும். மூச்சு விடலாமான்னு கேட்டு, கூடாதுன்னு சொன்ன மாதிரி ஆயிட்டார். நம்ம வீடு எப்படின்னு உனக்கே தெரியும். நீ ஊட்டினா இந்தத் தெருவே பயந்து ரெண்டு வாய் சேர்த்துச் சாப்பிடும். அந்த வீட்ல சாப்பாட்டு மேஜை மேல ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை வச்சுட்டுப் போயிட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல நாங்க பேசறதை அது பதிவு பண்ணும். உண்மையைச் சொல்றேன், எனக்கு வாத்தியாரைக் கண்டுகூட அவ்வளவு பயம் வந்ததில்ல.

முதல் நாள் தட்டை வச்சுட்டு ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்தோம். சோறு, முட்டை, பீன்ஸ், வாழைப்பழம். சுண்டெலி என் முகத்தைப் பார்த்தா, அவங்கப்பா முகத்தைப் பார்த்தா, “மாமா, யாராவது செத்துட்டாங்களா?”ன்னு கேட்டா. நான் இல்லன்னு தலையாட்டினேன். “அப்பாதான் சாகப் போறாரா?”ன்னா. அத்தான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு, “ஒரு வாய் சாப்பிடுடீ என் தங்கமே”ன்னு சுவத்தைப் பார்த்துச் சொல்லிட்டு வந்தார். அன்னைக்கு அவ முட்டையை மட்டும் சாப்பிட்டா. பீன்ஸை வரிசையா அடுக்கி ரயில் விட்டா. நாங்க பார்த்துக்கிட்டே இருந்தோம். திருட்டுப் போற வீட்ல கட்டிப் போட்டு வச்ச மாதிரி இருந்துச்சுக்கா.

அப்புறம் தினமும் இதே கதைதான். அத்தான் வாய் பேசாது, ஆனா கரண்டி பேசும், மூடி பேசும், நாற்காலி பேசும். நான் வேற வழி பிடிச்சேன். அவ எதிர்ல உட்கார்ந்து பீன்ஸை எடுத்து “ம்ம்ம்ம்”னு ரசிச்சுத் தின்னேன். எனக்குப் பீன்ஸ்னா குமட்டும்னு உனக்குத் தெரியும். பதிவைக் கேட்ட மேடம் போன் பண்ணி, “வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஒருத்தர் முனகிக்கிட்டே இருக்காரே”ன்னாங்க. கீழ் வீட்டு வீட்டுக்காரம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துட்டு, “ஏம்பா, ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து ஒரு பச்சப்புள்ளையைப் பட்டினி போடறீங்களே, நல்லா இருப்பீங்களா?”ன்னு பெட்டிக்குக் கேட்கற மாதிரியே சொல்லிட்டுப் போனாங்க. அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி அத்தான் மெக்கானிக் கடையில வேற நட்டு, போல்ட்டெல்லாம் காணாமப் போச்சு, இன்னும் கிடைக்கல. “கடையில வேலை பார்க்கறது நீயும் நானும்தான். தின்னறியாடா பாதி?”ன்னு என்னையே முறைக்கறார். வீட்ல திங்க வேண்டியது திங்கல, கடையில திங்கக் கூடாததை நான் திங்கறேனாம்.

இப்படி ரெண்டு மாசம் ஓட்டிட்டு நேத்து ரெண்டாவது எடைக்குப் போனோம். கிளம்பற நேரத்துல பச்சைக் கவுன் மேல பாலைக் கொட்டிக்கிட்டா. அத்தான் அவசரத்துல பிடிச்சு உருவி மூலையில போட்டுட்டு, ஒரு மஞ்சள் கவுனை மாட்டித் தூக்கிட்டு வந்துட்டார். வழியெல்லாம் அழுகை. மெஷின்ல ஏத்தினதும் அவ ரெண்டு கையாலயும் இடுப்பைத் தடவிப் பார்த்தா. முகம் அப்படியே செத்துப் போச்சு. பசியில வயித்தைப் பிடிக்கறான்னு எனக்கு உசிரே போயிடுச்சு. மேடம் நம்பரைப் பார்த்தாங்க, பழைய நம்பரைப் பார்த்தாங்க, மறுபடி ஏத்திப் பார்த்தாங்க. “குறைஞ்சிருக்கே”ன்னாங்க. சுண்டெலி என் காலைக் கட்டிக்கிட்டு, “அப்ப அம்மா?”ன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல.

அதனால நான் முடிவு பண்ணிட்டேன். இந்த ஆராய்ச்சியை விட்டுடலாம். எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு மேடமே முதல் நாள் சொன்னாங்க, இவ்வளவு மரியாதையா என்னை யாரும் எங்கயும் விலகச் சொன்னதில்ல. நீ சரின்னு ஒரு வரி எழுது. அது கிடைச்ச அன்னைக்கே பெட்டியைத் திருப்பிக் குடுத்துட்டு, பழையபடி கத்தி, கெஞ்சி, போன் காட்டி, மூக்கைப் பிடிச்சாவது அந்தக் கால் கிலோவை நான் ஏத்திடறேன். நீ மட்டும் வந்துடாத.

அத்தான் உன்னை மிகவும் விசாரித்தார். வீட்டுக்காரம்மா தம் ஆசிகளையும், எங்கள் இருவர் மீதான சாபத்தையும் தெரிவிக்கச் சொன்னார். பரீட்சையை நல்லபடியாக எழுதவும்.

இப்படிக்கு,
காணாமல் போன கால் கிலோவைத் தேடும்
உன் தம்பி

பின்குறிப்பு: அக்கா, மேல எழுதினதை எல்லாம் மறந்துடு. மூலையில கிடந்த பச்சைக் கவுனைத் துவைக்கலாம்னு இப்பத்தான் தூக்கினேன், கால் விரல் மேல விழுந்துச்சு. ரெண்டு பையிலயும் நட்டு, போல்ட்டு, வாஷர். சுண்டெலியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “மெஷின்ல நம்பர் பெருசா வந்தா அம்மா சீக்கிரம் வந்துடுவேன்னு சொன்னா இல்ல?”ங்கறா. அதைத்தான் நீ பஸ்ல ஏறுறப்ப அவ காதுல சொல்லியிருக்க. உன்னை பஸ் ஏத்திட்டு அவளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனோம், அப்பவே அள்ளியிருக்கா; முதல் எடைக்கும் இதே சரக்கோடதான் ஏறியிருக்கா. கவுன் துவைக்கப் போறப்பல்லாம் எடுத்து பிஸ்கட் டப்பாவுல ஒளிச்சு வச்சுக்குவாளாம். நம்பர் குறைஞ்சா நீ வந்துடுவியேன்னு நான் பயந்து சாகறேன், கூடினா நீ வருவேன்னு அவ போல்ட்டு சுமந்திருக்கா.

அத்தான் அதையெல்லாம் மளிகைக் கடைத் தராசுல போட்டார். அரைக் கிலோ. அது முதல் நம்பர்ல இருந்துச்சு, நேத்து இல்ல. அப்படின்னா பிள்ளை கால் கிலோ ஏறியிருக்கா. நாங்க வாயைத் திறக்காம இருந்ததுல ஏறியிருக்கா. அப்ப இத்தனை வருஷம் நாம கத்தினதெல்லாம் எதுக்குன்னு நினைச்சா, இப்ப அது வேற பயமா இருக்கு. மேடத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் பேனாவால எதையோ அடிக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், “அந்த நட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க”ன்னாங்க. நான் விலகல. பரீட்சை முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து அவளைப் பார்த்துட்டுப் போ, வந்தா மேஜையில வாயைத் திறக்காத.

இந்தக் கடிதத்தைக் கிழிச்சுடலாம்னு பார்த்தேன். ஸ்கூலை விட்டதுக்கு அப்புறம் நான் முழுசா எழுதி முடிச்சது இது ஒண்ணுதான், மனசு வரல. ‘கடைசிப் பக்கத்தை முதல்ல படி’ன்னு கவர் மேல பெருசா எழுதியிருக்கேன். பேனாவை மூடப் போனேன். சுண்டெலி என் தாடையைப் பிடிச்சுக்கிட்டு, அச்சு அசலா உன் குரல்ல, “அவ்ளோதானா? இன்னும் ஒரே ஒரு வரி எழுதிடு மாமா, கண்ணுல்ல”ங்கறா. அந்த வரிதான் இது.