காலையில் வெள்ளம், மாலையில் வறட்சி

குழு அண்ணாச்சியைப் போல ஆள் சேர்க்கத் தெரிந்தவர் தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. சேர்த்தது எதற்கென்று கேட்டால் மட்டும் கோபம் வரும். பாளையங்கோட்டையில் அவருக்குத் திரைச்சீலைக் கடை. ஜன்னலுக்குத் துணி எடுக்கப் போன நான், உறுப்பினராகத் திரும்பி வந்தேன்.

‘இணையவழித் தரவுக் காட்சிப் பல்துறைக் குழு’ என்று பேனர் அடித்த பிறகுதான் அர்த்தம் கேட்டோம்.

“கணக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல படமா ஓடும்வே. ஒவ்வொரு துறைக்கும் ஒரு ஆள் வேணும்” என்றார்.

“நான் என்ன துறை அண்ணாச்சி?”

“நீரு பத்திரிகைல எழுதுதீரு. பேசாம இரும்.”

வெப்சைட் செய்ய காயல்பட்டினத்துக்காரர் பீர். கணக்குக்கு ஓய்வுபெற்ற இன்ஜினியர் சிவகாமி அக்கா. தினமும் ஆற்றில் குளிக்கிறார் என்பதற்காக அர்ச்சகர் மணி. கூட்டத்தில் யாரும் போன் பேசக் கூடாது. எல்லாப் போனையும் அண்ணாச்சி ஒரு வாளியில் போட்டு, மேலே துணி பண்டலை வைத்து அமுக்கிவிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தெளிவாக இருந்தார். முன்பொரு வெள்ளத்தில் போன் எல்லாம் செத்துப்போக, ஷார்ஜாவில் இருக்கும் மகள் செல்வி அப்பா இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் அழுதிருக்கிறாள்.

“இனிமே எம் மவ அங்கன இருந்தே ஆத்தப் பாத்துக்கிடணும். பயப்படக் கூடாது. அதுக்குத்தான்வே இவ்வளவும்.”

பிறகு யாரும் எதற்கென்று கேட்கவில்லை.

படித்துறையில் தண்ணீர் எவ்வளவு என்று காலையில் அர்ச்சகர் படிகளை எண்ணிச் சொல்வார். மாலையில் சிவகாமி அக்கா. பீர் அதை ஊர் மேப்பில் நீலமாகப் படமாக்கினார். சோதித்ததெல்லாம் மாலைக் கணக்கை வைத்துத்தான். ஒரு சனிக்கிழமை மாலை கடையில் வெப்சைட் திறப்பு விழா. நல்ல கோடை, படத்தில் ஆறு அடக்கமாக ஓடியது. அண்ணாச்சி மகளுக்கு லிங்க் அனுப்பிவிட்டுப் போனை வாளியில் போட்டார். கேசரி சாப்பிட்ட குஷியில் அதை அங்கேயே மறந்து கடையைப் பூட்டிப் போய்விட்டார்.

ஞாயிறு காலை வெப்சைட்டைத் திறந்தேன். என் தெரு, அண்ணாச்சி வீடு எல்லாம் நீலத்துக்குள் முங்கிக் கிடந்தன. ஜன்னலைத் திறந்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. குழு முழுக்க அண்ணாச்சி வீட்டில் கூடியது.

“காஞ்ச படியைத்தான் எண்ணினேன் ஓய். குளிக்க இறங்கறவன் வேற எதை எண்ணுவான்?” என்றார் அர்ச்சகர்.

“நான் முங்குன படியல்லா எண்ணுனேன்!” என்றார் சிவகாமி அக்கா.

பீர் இரண்டையும் முங்கிய படியாகவே போட்டிருந்தார்; படி காயக் காய, படத்தில் வெள்ளம் ஏறியது. தப்பு யாருடையது என்ற சண்டை, விளக்கு வைக்கும் நேரம்வரை ஓடியது.

அப்போது வாசலில் டாக்சி நின்றது. திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, அப்படியே ஓடி வந்திருந்தாள் செல்வி. கையில் டார்ச், மழைக்கோட்டு, பிஸ்கட் பாக்கெட்டுகள். காய்ந்த தெருவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“போன எடுக்கக் கூடாதாப்பா? ஆறு உங்களக் கொண்டு போயிட்டுன்னே நெனச்சேன்ப்பா.”

அண்ணாச்சி வாசலுக்கு ஓடினார். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரும் அழுதார்.

பீர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அண்ணாச்சி, படத்த இப்பவே திருத்திரட்டுமா?”

“பைய திருத்தலாம்வே. எம் மவ இந்தா நிக்கா. இனி யாருக்குக் காட்டணும்?”

அந்த மனுஷர் கூப்பிட்டால் பெயர் புரியாத இன்னொரு குழுவிலும் சேரலாம் என்று அன்றைக்குத் தோன்றியது எனக்கு. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.