கொசுவுக்கு ஓங்கிய கை

மூக்கு நுனியில் கொசு வந்து உட்கார்ந்தபோது ஸ்ரீஹரியின் இரண்டு கைகளும் தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. அது அவசரப்படவில்லை. காலை அகற்றி வைத்து, இடம் பார்த்து, நிதானமாக ஊசியை இறக்கியது. இவன் மாறுகண் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்துவிடலாம் என்றால் உத்தரவு இல்லை.

உத்தரவு போட்டவர் இரண்டு அடி தள்ளிக் குந்தியிருந்தார். பெயர் லாசர். பட்டினப்பாக்கத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர். முப்பது வருடமாகக் கடலில் வலை போடுகிற கை. எல்லாவற்றுக்கும் மேலாக, எஸ்தரின் அப்பா.

"அசையக் கூடாது தம்பி. கைய வீசக் கூடாது, பட்டுனு அடிக்கக் கூடாது. நெழல் ஆடிச்சின்னா மீனு அந்தாண்ட போய்டும்" என்று வந்து உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

வேளச்சேரி தாண்டி, மேடவாக்கத்துக்கும் அந்தப் பக்கம், அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் மிச்சம் மீதியாகக் கிடந்த ஏரி அது. சனிக்கிழமை சாயங்காலம். மதகுப் பக்கம் நல்ல காற்று. அங்கே இரண்டு மூன்று பேர் சௌகரியமாக உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். லாசர் அவர்களையெல்லாம் தாண்டி, இடுப்பளவு கோரை வளர்ந்து, தண்ணீர் பச்சைப் பசேலென்று தேங்கி நின்ற மூலைக்கு இவனை அழைத்து வந்தார். கடல்காரருக்கு ஏரியில் என்ன வேலை, இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு இந்த மூலை எதற்கு என்று ஸ்ரீஹரி கேட்கவில்லை. மாமனார் ஆகப்போகிறவர் கூப்பிட்டால் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறுவதுதான் மாப்பிள்ளைகளின் இலக்கணம்.

ஆகப்போகிறவர் என்பதுகூட இன்னும் முடிவாகவில்லை. ஸ்ரீஹரிக்கு மயிலாப்பூரில் வீடு, தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அங்கே அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர். எஸ்தரும் அதே கம்பெனிதான். விஷயம் தெரிந்ததும் அவன் அம்மா நாலு மாதம் அழுதாள், இரண்டு மாதம் பேசாமல் இருந்தாள், அப்புறம் ஒருநாள் எஸ்தருக்கு என்ன பாயசம் பிடிக்கும் என்று கேட்டாள். பாக்கி இருந்தது லாசர்தான். வீட்டுக்குப் போய்ப் பேசியபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகலாமா என்று கேட்டார்.

அப்பா வேண்டாம் என்றால் தனக்கும் வேண்டாம் என்று எஸ்தர் முன்பே சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆக, இந்தச் சாயங்காலம் கெட்டால் எஸ்தர் கிடையாது. மீனைத் தொட்டே பார்க்காத ஒருவன், கோரைக்குள் உட்கார்ந்து கொசுவுக்கு மூக்கைக் காட்டிக்கொண்டிருந்தது அதனால்தான்.

அடிக்கக் கூடாது என்றுதானே சொன்னார், ஊதக் கூடாது என்று சொல்லவில்லையே என்று அவனுக்குத் தோன்றியது. கீழுதட்டை நீட்டி மேல்நோக்கி ஊதினான். கொசு பறந்தது. பறந்த வேகத்தில் வழி தவறி மூக்குத் துவாரத்துக்குள் போய்விட்டது. ஸ்ரீஹரி தும்மினான். ஒரு தும்மல் இல்லை, ஏழு. தண்ணீரில் தக்கை குதித்தது. கோரைக்குள் அதுவரை அக்கடா என்று இருந்த கொசுக்களெல்லாம் என்ன சத்தம் என்று பார்க்க எழுந்து வந்தன.

லாசர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து அம்மாவின் எண்ணெய். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை ஒரு பழைய ஜாம் பாட்டிலில் ஊற்றி, பையில் வைத்து அனுப்பியிருந்தாள். "இதைத் தடவிண்டா ஒரு கொசு கிட்ட வராது. திரும்பி வந்து ஆத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி குளிச்சுடு" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள். ஸ்ரீஹரி முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தடவிக்கொண்டான். கொசு கொஞ்சம் யோசித்தது உண்மைதான். ஆனால் அதே நேரம் பார்த்துத் தக்கை முங்கியது. இவன் பரபரவென்று கம்பைத் தூக்க, எண்ணெய்க் கையிலிருந்து கம்பு வழுக்கி, ஏரிக்குள் போய் விழுந்து, தன் பாட்டுக்கு மிதந்து போனது.

லாசர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை எடுத்து வந்தார். தக்கையை முங்க வைத்தது மீன் இல்லை, பிளாஸ்டிக் பை. கம்பை இவனிடம் நீட்டும்போது அவர் கம்பைப் பார்க்கவில்லை, இவன் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று ஸ்ரீஹரிக்குப் பிடிபடவில்லை. நல்ல அர்த்தமாக இருக்க வாய்ப்பில்லை என்று மட்டும் தெரிந்தது.

வெளிச்சம் மங்கியது. இதற்காகவே இணையத்தில் வாங்கிய கொசு விரட்டும் கைப்பட்டை ஒன்று பையில் இருந்தது. மணிக்கட்டில் கட்டி, பொத்தானை அமுக்கினால் நீல விளக்கு எரியும். கொசு அந்த நீலத்துக்குப் பயப்படும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஏரிக் கொசுவுக்கு அந்தப் பெட்டியைப் படிக்கத் தெரியவில்லை. கொசு, கண் ஈ, பேர் தெரியாத பச்சைப் பூச்சி, எல்லாம் மணிக்கட்டைச் சுற்றித் திருவிழா கொண்டாடின. அணைக்கலாம் என்று பொத்தானைத் தேடினால் எண்ணெய் விரல் வழுக்கியது. கடைசியில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பூச்சிகள் முதுகுக்குப் போயின.

அந்த நேரத்தில் லாசரின் போன் அடித்தது. மீன் ஓடிவிடும் என்று சொன்னவர், ஏரிக்கு அக்கரை வரை கேட்கிற குரலில் பேசினார். "இன்னாம்மா பிலோ? கொயந்த துன்னுச்சா? ஜொரம் வுட்டுச்சா? நா வரச் சொல்ல வாங்கியாறேன்மா." குரல் பெரிதாக இருந்தாலும் அதில் ஒரு குழைவு இருந்தது. பிலோமினா எஸ்தரின் அக்கா. இரண்டு வருடமாகக் குழந்தையோடு அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். ஏன் என்று எஸ்தர் சொன்னதில்லை. சொல்லாததைத் துருவுவது மரியாதை இல்லை என்று இவனும் கேட்டதில்லை.

போனை வைத்ததும் லாசர் பழையபடி கல்லானார்.

ஸ்ரீஹரிக்குக் கோபமே வராது என்று சொல்லிவிட முடியாது. லஸ் சிக்னலில் குறுக்கே நுழைகிற ஆட்டோக்களை அவன் திட்டுகிற திட்டு ஹெல்மெட்டுக்குள் அடங்கிவிடுவதால் ஊருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இங்கே ஹெல்மெட் இல்லை. காது மடல் எரிந்தது, கழுத்து தடித்தது, கணுக்காலில் சொரிய இடம் பாக்கி இல்லை. இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, ஒரு நிமிஷம் என்று அனுமதி கேட்டுக் கரை மேல் ஏறினான்.

கரையில் பச்சையம்மா டீக்கடை வைத்திருந்தாள். டீ, பஜ்ஜி, சாயங்காலத்தில் வறுத்த நெத்திலி. விடியற்காலையில் பட்டினப்பாக்கம் போய் லாசரின் படகிலிருந்துதான் நெத்திலி எடுப்பாள். அந்தப் பழக்கத்தில் அவரை அண்ணே என்பாள். இவனை மேலும் கீழும் பார்த்து, சிரிப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, கேட்காமலேயே ஒரு கொசுவர்த்தியைக் கொளுத்திக் கொடுத்தாள்.

அதை எங்கே வைப்பது என்பதுதான் ஸ்ரீஹரி செய்த கடைசித் தவறு. தனக்குப் பக்கத்தில் வைத்தால் சுயநலம் என்று நினைப்பாரோ என்று, மரியாதையாக லாசருக்குப் பின்னால் ஒரு கல்லின்மேல் வைத்தான். லாசரின் தோளிலிருந்து தொங்கிய துண்டின் முனை அந்தக் கல்லின்மேல்தான் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கொசுவர்த்தி வாசனையோடு துணி வாசனையும் வந்தது. ஸ்ரீஹரி திரும்பிப் பார்த்தபோது துண்டு கனன்றுகொண்டே தோளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை. கைக்கு எட்டியது இரைக்கு வைத்திருந்த டப்பா. ஈர மண்ணும் மண்புழுவுமாக அத்தனையையும் அவர் தோளில் கொட்டி, அமுக்கி, நெருப்பை அணைத்தான்.

லாசர் மெதுவாக எழுந்து நின்றார். தோளில் ஒரு மண்புழு நெளிந்து, சட்டைக் காலருக்குள் போகலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று ஆரம்பித்தார். அதுவரை பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பேசினார். தும்மலுக்கு ஒரு வசவு, கம்புக்கு ஒரு வசவு, நீல விளக்குக்கு இரண்டு. மதகுப் பக்கம் இருந்தவர்கள் தூண்டிலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஸ்ரீஹரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். எல்லாம் நியாயமான வசவுகள்தான்.

"ஒரு கொசுவர்த்திய ஒயுங்கா வெக்கத் தெர்ல. நீ எம்பொண்ண எங்க வெச்சிக் காப்பாத்தப் போற? இதான் உங்கம்மா உன்ன வளத்த லட்சணமா?"

அது நியாயமான வசவு இல்லை. ஸ்ரீஹரி நிமிர்ந்தான். ஆறு மாதம் தன்னோடு தானே சண்டை போட்டு ஜெயித்த அம்மா நினைவுக்கு வந்தாள். அடுப்படியில் நின்று கற்பூர எண்ணெய் காய்ச்சிய அம்மா. நாக்கு நுனியில் பதில்கள் வரிசை கட்டி நின்றன. இந்தக் கொசுக் காட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தது யார்? இரண்டு மணி நேரத்தில் ஒரு மீன் உண்டா? நீங்கள் யார் என் அம்மாவைச் சொல்ல? ரத்தம் தலைக்கு ஏறுவது அவனுக்கே கேட்டது.

அப்போதுதான் ஒரு கொழுத்த கொசு லாசரின் இடது கன்னத்தில் போய் உட்கார்ந்தது.

ஸ்ரீஹரியின் வலது கை தானாக மேலே எழுந்தது. அது கொசுவுக்காக மட்டும்தான் எழுந்தது என்று அவனால் சத்தியம் செய்ய முடியாது. லாசர் பேச்சை நிறுத்தினார். நகரவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. ஓங்கிய கையையே பார்த்தபடி நின்றார்.

அவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கண் இமை வீங்கி மூடிக்கிடந்தது. காது இரண்டும் பழுத்திருந்தன. கழுத்தைச் சுற்றி விரல் வைக்க இடமில்லாமல் தடிப்பு. இவனை விட அவரைத்தான் அதிகம் கடித்திருந்தது. கடல்காற்றிலேயே காலம் கழித்த மனுஷன், பாவம், இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை முனகாமல் உட்கார்ந்திருக்கிறார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மனசு கஷ்டப்பட்டது.

ஓங்கிய கையை விசிறிபோல் மெல்ல ஆட்டினான். கொசு பறந்தது.

"கொசு, அங்கிள்" என்றான். பிறகு அவர் தோளிலிருந்த மண்புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். பிறந்ததிலிருந்து அவன் மண்புழுவைத் தொட்டதில்லை. "தப்பு என்மேலதான். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. எங்கம்மாவ மட்டும் வேண்டாம் அங்கிள். அவங்க ரொம்பக் கஷ்டப்பட்டு ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்குக் கண்ணு வீங்கியிருக்கு. வாங்க, காத்து வர்ற பக்கம் போயிடலாம். மீன் இன்னொரு நாள் பிடிச்சுக்கலாம்."

லாசர் கருகிய துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "அம்மாவச் சொன்னது தப்புத்தான்" என்றார் தணிந்த குரலில். பிறகு தண்ணீர் ஓரமாகப் போய்க் குந்தி, முகம் கழுவ ஆரம்பித்தார். மண் பட்டது தோளில்தான். ஆனால் முகத்தைத்தான் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீஹரி கம்புகளையும் காலி டப்பாவையும் எடுத்துக்கொண்டு கரையேறினான். எல்லாம் முடிந்தது என்று உள்ளுக்குள் எழுதி வைத்துவிட்டான். மாமனாரின் துண்டைக் கொளுத்தி, மண்ணைக் கொட்டி, போதாததற்குக் கையையும் ஓங்கியாயிற்று. எஸ்தரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது? பச்சையம்மாவின் பெஞ்சில் உட்கார்ந்தபோது கடித்த இடங்களைச் சொரியக்கூட மனம் வரவில்லை.

கீழேயிருந்து லாசரின் குரல் வந்தது.

"மாப்ளே, ரெண்டு டீ சொல்லு. ஒண்ணுல சக்கர கம்மி."

ஸ்ரீஹரி சுற்றுமுற்றும் பார்த்தான். கடையில் வேறு யாரும் இல்லை. மத்தியானம் வண்டியில் ஏறியதிலிருந்து தம்பியாக இருந்தவன், இத்தனை கூத்துக்கும் அப்புறம் மாப்பிள்ளை ஆனது எப்படி என்று அவனுக்கு விளங்கவில்லை. ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லையே அக்கா, எதற்கு இப்படிக் கூப்பிடுகிறார் என்று பச்சையம்மாவிடமே கேட்டுவிட்டான்.

பச்சையம்மா டீயை ஆற்றிக்கொண்டே, கீழே இருப்பவர் காதில் விழாதபடி சொன்னாள்: "பெரிய பொண்ண அடிச்சித் தொரத்துனானே ஒருத்தன், அவன அண்ணன் ஏசி ஓட்டல்ல குந்தவெச்சிப் பேசி, தங்கமான புள்ளன்னு முடிவு பண்ணாரு நைனா. அதான் இந்தத் தபா மூணு நாளு முன்னாடியே வந்து, இந்த ஏரில கொசு எந்த மூலைல ஜாஸ்தின்னு என்னாண்ட கேட்டுக்கினு போனாரு."