சோயா விதைக்கு நான் ஊற்றிய தண்ணீர்

சாக்கன் ரோட்டில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, நகக்கண்ணில் சோயாத் தோல். வேலையை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்காமல் நடப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. எட்டாம் வகுப்போடு மன்னார்குடியை விட்டு வடக்கே வந்தவன். ஆகுர்டியில் டீ கிளாஸ் கழுவினேன், விமான் நகரில் பதினொரு நாள் செக்யூரிட்டியாக நின்றேன், நடுவில் பட்டினியும் கிடந்தேன். ஆனால் துரத்துவதற்கு முன்பே ஓடியது அன்றுதான்.

தேவராஜ் சார் ராணுவ ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர். நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து சோயா போடுபவர். அவரிடம்தான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நான் ஓடுவதற்கு முந்தின நாள் மழை பெய்திருந்தது, மறுநாள் விதைக்க டிராக்டர் வருவதாக இருந்தது. கொட்டகையில் ஒரு மூட்டை விதையைக் காட்டினார்.

"வெல்லத் தண்ணியில இந்த நுண்ணுயிர் உரத்தைக் கரைச்சு, விதை மேல லேசாப் பூசி, நிழல்ல காய வை. அவ்ளோதான்."

லேசாகப் பூசுவதா? (யாரிடம் சொல்கிறார், டெல்டாக்காரனிடமா?) நெல்லை ஊறவைத்து, முளைகட்டி விதைக்கிற ஊரில் பிறந்தவன் நான். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு விதையின் தாகமே தெரியவில்லை என்று பரிதாபப்பட்டேன். உரத்தைத் தொடாமல், மூட்டையை அப்படியே ட்ரம்மில் கொட்டி, தண்ணீரை நிரப்பிவிட்டு, சாதித்தவன் மாதிரி படுத்துத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் விதை இரண்டு மடங்கு ஊதியிருந்தது. ஒன்றை எடுத்து அழுத்தினேன். தோல் கையோடு வந்தது, பருப்பு இரண்டாகப் பிளந்தது. நாலு ஏக்கருக்கும் அந்த மூட்டைதான் என்று நினைத்திருந்தேன். பையை எடுத்தேன்.

இரண்டு கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். பின்னால் சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்தேன்.

"ஏறுடா. வீட்ல காபி ஆறுது."

"சார், விதை எல்லாம் போச்சு சார்."

"ஒரு மூட்டைதான் போச்சு. மிச்சம் மூணு என் கட்டிலுக்கடியில இருக்கு. இருபது வருஷம் ஸ்டோர்ல இருந்தவன்டா நான். புது ஆளு கையில மொத்த சரக்கையும் கொடுப்பனா?"

ரோட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. அந்த ஒரு ஏக்கரில் துவரை போட்டுக்கொள்வதாகச் சொன்னார். ஊறிய சோயா பக்கத்து வீட்டு எருமைக்குப் போனதாம். எருமைக்கு என் மேல் நல்ல அபிப்பிராயமாம்.

இன்றும் அவர் மனைவி கொண்டைக்கடலை ஊறப்போட்டால், பக்குவம் கேட்க எனக்குத்தான் போன் போடுகிறார்.

அன்று வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு சார் சொன்னார்: "விதைகிட்ட நீ வேணாம்பா. ஆனா உனக்கேத்த இடம் ஒண்ணு இருக்கு. போபோடியில என் மச்சினி இட்லி மாவுக்கடை வச்சிருக்கா."

மறுநாள் காலை அங்கே சேர்ந்தேன். அந்த அம்மா அரிசி மூட்டையையும் பெரிய ட்ரம் ஒன்றையும் காட்டி, ஊறவைக்கச் சொன்னார். தண்ணீரைத் தாராளமாக விட்டேன்.