மழைத் தண்ணி

கடையிலிருந்து ஓடி வந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் பளீலுக்கு மூச்சு நின்றது. முன்பக்க வரவேற்பு ஹோல் காய்ந்து கிடந்தது.

தரையில் முகம் பார்க்கலாம். ஊறி வீங்கிய சோபாவுக்குப் புது உறை. சீலிங்கிலிருந்த பெரிய மஞ்சள் கறையின் மேல் வெள்ளைப் பெயின்ட். மேசையில் சுடச்சுடப் பெட்டீஸும் ரோல்ஸும்.

“ஸுலைஹா! என்ன இது?”

“இன்சூரன்ஸ் ஐயா இண்டைக்கு வாறாரெண்டு நீங்கதானே சொன்னீங்க. ஊடு அந்தக் கோலத்தில ஈக்கக்குள்ள வெளி மனுசர உள்ளுக்கு எடுக்கவா? மானம் போகாதா?”

“அந்தக் கோலத்தப் பாக்கத்தானே அவர் வாறார்!”

பளீல் கதிரையில் சாய்ந்துவிட்டார். போன கிழமை எல்லோரும் கம்பளைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் மாடியில் பைப் வெடித்து, ஹோல் குளமாகியிருந்தது. அடுத்த மாதம் மகள் ஆஸிகாவின் நிக்காஹ், இதே ஹோலில். இன்சூரன்ஸ் காசு வந்தால்தான் புதுச் சீலிங். புதுச் சீலிங் வந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் மேலே பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டியதில்லை.

அலவத்துகொட மலைச்சரிவில் பளீலின் தரைதான் கீழ்வீட்டு ஃபாஸில் மாஸ்டரின் கூரை. பைப் வெடித்த அன்று மாஸ்டர் ஏறி வந்து, “ஹாஜியார், எங்கட அறையெல்லாம் ஒழுகுதே” என்றார். செலவு தன் தலையில் விழுந்துவிடுமென்று பயந்த பளீல் வானத்தைக் காட்டினார்.

“மழைத் தண்ணி மாஸ்டர். எங்கட ஊட்டில ஒரு சொட்டு இல்ல.”

மாஸ்டரும் வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில். இறங்கிப் போனார்.

அதை நினைத்துக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை.

“வாளியக் கொண்டா!”

ஒரு வாளி தண்ணீரை ஹோலில் ஊற்றினார். ஸுலைஹா தேய்த்த தரை அப்படிப்பட்டது. தண்ணீர் எங்கேயும் நிற்காமல், மரியாதையாக வாசலால் வெளியே போய்விட்டது.

தோட்டத்து ஹோஸை இழுத்து வந்து சீலிங்குக்கு அடித்தார். பெயின்ட் உரிந்தது, கறை தெரிந்தது. பளீல் சந்தோஷப்பட்டு முடிக்குமுன் சீலிங்கே இறங்கி பெட்டீஸின் மேல் உட்கார்ந்தது.

“போதும், ஆஸிகாட வாப்பா!”

“போதாது. தண்ணி நிண்டாத்தான் நம்புவாங்க.”

மாடிக்கு ஏறி, வெடித்த பைப்பில் சுற்றியிருந்த ரப்பரை அவிழ்த்தார்.

தொட்டித் தண்ணீர் மொத்தமும் படிக்கட்டால் இறங்கியது. சோபா மிதந்து குசினி வாசலில் போய் நின்றது. ஸுலைஹா கல்யாணமான நாளிலிருந்து அதை அங்கேதான் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹோலில் பிங்கா ஓயா ஆற்று மீன் ஒன்று நீந்தியதாக ஊரில் கதைப்பார்கள். அது பொய். நீந்தியவை இரண்டு.

திடீரென்று மூலையில் ‘களக்’ என்றொரு சத்தம். குளம் வடியத் தொடங்கியது. எங்கே வடிகிறது என்று பளீல் பார்க்கவில்லை. வாசலில் ஆள் வந்துவிட்டது.

டை கட்டிய இளைஞர், கையில் ஃபைல்.

“இன்சூரன்ஸ்ல இருந்து வர்றேங்க. ரவிகுமார்.”

வெளியே வெயில் கொளுத்தியது. அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. படியேறிய வியர்வை என்று பளீல் எடுத்துக்கொண்டார்.

“வாங்க மகன், வாங்க! எங்கட அநியாயத்தப் பாருங்க!”

ரவிகுமார் ஃபோனைத் தூக்கி வீடியோ எடுத்தார்.

“இவ்வளவு தண்ணி எங்கேருந்துங்க வந்துச்சு?”

“எங்கட பைப்பில இருந்து!”

“மழைத் தண்ணியா இருக்குமோ?”

பளீலுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மழையா? எங்க மழை? எல்லாம் எங்கட தண்ணி! போன கிழமையும் எங்கட தண்ணி, இண்டைக்கும் எங்கட தண்ணி! எந்தக் கோட்டில வேணுமெண்டாலும் வந்து சொல்றேன்!”

ரவிகுமார் வீடியோவை நிறுத்திவிட்டு, கைலேஞ்சியால் தலையைத் துவட்டினார்.

“ரொம்ப நன்றிங்க ஹாஜியார். நான் உங்க இன்சூரன்ஸ் இல்லீங்க, கீழ்வீட்டு ஃபாஸில் மாஸ்டரோட இன்சூரன்ஸ். அவரு அறையில நின்னு ‘மழைத் தண்ணி’ன்னு எழுதிக்கிட்டிருந்தப்பதான் இது என் தலையில விழுந்துச்சு.”